புல் முளைக்காத பாதை

இப்போது நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் பேச்சுத்தான். ஒரு வீட்டுக்குப் போவதென்றால் எத்தனை படி, எவ்வளவு சரிவு, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறோம். கீழே பார்த்து நடக்கும் இந்தப் பழக்கம் உங்களுக்கெல்லாம் அண்மையில் வந்திருக்கும். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. என் அக்காவோடு நடந்தவள் நான்.

எங்கள் வீடு கெலிஓயாவில், கம்பளை ரோட்டுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. ரோட்டிலிருந்து வாசல்வரை ஒரு பாதை சரிந்து வளைந்து ஏறும். எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவர் அதில் சரளைக்கல் கொட்டியிருந்தார். நாங்கள் குடிவந்தபோது கல் பாதி, புல் பாதி. பிறகு கல் கால், புல் முக்கால். கண்டிப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயப்போட்ட சாக்கில்கூடப் பச்சை பிடிக்கும் ஊர். கல்லுக்குக் கல் இடைவெளியில் அருகம்புல் ஓடும், கோரை குத்தி எழும்பும், ஓரங்களில் தொட்டாற்சுருங்கி படரும். மூக்குத்திப்பூ பஞ்சாய் வெடித்துப் பறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓடித் திரியும் கால்களுக்கு அது ஒன்றுமே இல்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் இன்னும் பேசப் பழகவில்லையாம். இளம்பிள்ளை வாதம். உயிர் தப்பினாள், வலது கால் தப்பவில்லை. தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அதைச் சுற்றித் தோல் பட்டிகள், அடியில் கனத்த சப்பாத்து, கக்கத்தில் ஒரு தடி. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு சீமெந்துத் தரையில் அவள் நடந்தால் நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இரும்பு தரையில் படும் சத்தத்தை வைத்தே அவள் கோபமாக வருகிறாளா, பசியோடு வருகிறாளா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் கால் மேலே எழும்பாது. இழுபட்டுத்தான் வரும். புல்லுக்குள் இழுபட்டால் சப்பாத்தின் நுனி சிக்கிக்கொள்ளும். நனைந்த புல்லில் தடியை ஊன்றினால் தடி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள்.

அதனால் அப்பா தினமும் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்குவார். மாதா கோயிலை ஒட்டியிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில்தான் நாங்கள் இருவரும் படித்தோம். கீழே தார் ரோட்டில் இறக்கிவிட்டால் அங்கிருந்து அவளே நடந்துவிடுவாள். அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அவள் போவதும், பின்னால் இரண்டு பேருடைய புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு நான் போவதும் எங்கள் வீட்டு வழக்கம். புள்ளை தோளில் படுத்துத் தூங்கிக்கொண்டே வருகிறாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும்.

பஸ்களெல்லாம் அரசாங்கத்திடம் போய் எங்கும் சிவப்பாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. சின்னப் பள்ளிக்கூடத்தில் அக்காவின் படிப்பு முடியப்போகிறது. அதற்கு மேல் படிக்கக் கண்டிக்குத்தான் போக வேண்டும். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு கண்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளிக்குப் போனாள். தலைமைக் கன்னியாஸ்திரி அக்காவைக் கணக்குப் போடச் சொன்னார், வாசிக்கச் சொன்னார், விறாந்தையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார். பிறகு தை மாதம் வரலாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் சமதரை. பஸ் வாசலிலேயே நிற்கும். கெலிஓயாவில் எங்கள் பாதையின் அடியிலேயே பஸ் ஏறலாம். எல்லாம் சரியாக வந்தது. இடையில் கிடந்தது அந்தப் பாதை மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து அப்பாவை அவருடைய கந்தோர் வேலையில் நாவலப்பிட்டிக்கு மாற்றினார்கள். காலையில் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அக்காவின் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவர் போயிருப்பார். அம்மா ஒல்லியான, உயரமில்லாத மனுஷி. ஒருநாள் அவளே அக்காவைத் தூக்கிப் பார்த்தாள். பாதி வழியில் இரண்டு பேரும் தொட்டாற்சுருங்கிக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. முழங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பாதையை மேலும் கீழும் பார்த்தாள்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அப்போது புசல்லாவையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அவளுக்கு இந்தக் கண்டிப் பள்ளிக்கூடப் பேச்சே பிடிக்கவில்லை. எழுத வாசிக்கத் தெரிந்தாகிவிட்டது, வீட்டோடு இருந்து தையல் பழகட்டும், விழுந்து மற்றக் காலையும் உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று சாப்பாட்டு நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் பொறுத்தால் மாற்றம் கேட்டு இங்கேயே வந்துவிடலாம், பிறகு தானே தூக்கிக்கொண்டு போய் விடுவதாகச் சொன்னார்.

அம்மா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "ஒரு வருஷம் வீட்டுல உக்காந்த புள்ள மறுபடி எழும்பாது மதினி. தையில அவ போறா. அந்தப் பாதையில ஒரு புல்லு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டாள்.

முதலில் கையால் பிடுங்கினோம். அம்மா மேலிருந்து கீழே, நான் கீழிருந்து மேலே. பாதையின் நடுவில் முட்டிக்கொள்வோம். அக்கா பலகையில் உட்கார்ந்து எட்டிய தூரம் பிடுங்குவாள். புல்லைக் குவித்து மாடு வைத்திருந்த வீட்டுக்குக் கொடுப்போம். விரல் நகங்களுக்குள் போன சாறு எத்தனை கழுவினாலும் போகாது. சோற்றிலும் பச்சை மணக்கும். பாதை சுத்தமானதும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஒருமுறை பார்ப்பாள். ஒரு மழை பெய்யும். கல்லுக்கு இடையில் ஊசி ஊசியாய் மறுபடி தலை காட்டும். மேலே பிடுங்கினால் கோரையின் கிழங்கு கீழே அப்படியே கிடக்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒன்று பிடுங்கிய இடத்தில் இரண்டு வந்தது.

பிறகு கொதிதண்ணீர். பெரிய கேத்தலில் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுபோய் ஊற்றினாள். வெந்த கீரை வாசம் வாசல்வரை வரும். ஊற்றிய இடம் வாடியது. பக்கத்து இடம் செழித்தது. விறகுதான் முடிந்தது.

அதன் பிறகு உப்பு. பாதையின் அடியில், ரோட்டோரமாக, அக்குறணையிலிருந்து வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் கெலிஓயாச் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அம்மா அவரை அண்ணன் முறையில் நானா என்பாள், நாங்களும் நானா என்போம். அவருடைய மனைவியை மாமி என்போம். அம்மா சந்தைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கிவந்து பாதை முழுக்கத் தூவினாள். வெயிலில் அது மினுங்கியது. புல் மஞ்சளாகி, பிறகு கருகிச் சுருண்டது. அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன். அந்த வெளிச்சம் அடுத்த மழைவரைதான். மழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கி, நானா வீட்டு வேலியோரம் மாமி ஆசையாக வளர்த்த அந்தூரியப் பாத்திக்குள் கொண்டுபோய் விட்டது. இலை நுனியெல்லாம் பழுப்பு. மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு செடியைப் பிடுங்கி எங்கள் பக்கம் காட்டினாள்.

அம்மா சாக்குப்போக்குச் சொல்லவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பாத்தியின் மண்ணை அள்ளி வெளியே போட்டு, ஓயா ஆற்றங்கரையிலிருந்து நல்ல மண் சுமந்து நிரப்பி, பிழைத்திருந்த செடிகளை நட்டுக் கொடுத்தாள். அந்த வேலை முடியும்போது மாமியே தேத்தண்ணி கொண்டுவந்தாள். எதற்கு இந்தப் பாடு என்று அவள் கேட்க, அம்மா அக்காவின் விஷயத்தைச் சொல்ல, அதற்குப் பிறகு எங்கள் பாதை அந்த வீட்டுக்கும் ஒரு கவலையாகிவிட்டது.

நானா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி வந்து பாதையைப் பார்வையிட்டார். சப்பாத்து நுனியால் கல்லைக் கிளறினார்.

"தார்ப் பீப்பாத் தகரம் கடையில நெறைய ஈக்கி தங்கச்சி. தட்டி நிமித்திக் கீழ விரிச்சா புல்லு எங்கால வாரது?"

எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. புல் மண்ணிலிருந்து வருகிறது. மண்ணை மூடிவிட்டால் தீர்ந்தது. கல்லையெல்லாம் ஒதுக்கி, தகரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு விரித்து, மேலே கல்லைப் பரப்பினோம். தகரத்தில் ஒட்டியிருந்த தார் வெயிலில் இளகி, வீடெல்லாம் ரோட்டு வேலை நடக்கும் மணம். நடக்கும்போது கீழே மெல்ல முழங்கும். புல் இல்லை. கொஞ்சக் காலம் உண்மையிலேயே ஒரு புல்கூட இல்லை. அக்கா தினமும் பின்னேரம் இறங்கி ஏறிப் பழகினாள். அம்மா இரண்டு அடி பின்னால் கையை நீட்டியபடி, ஆனால் தொடாமல் நடந்தாள். அத்தை விறாந்தையில் இருந்து செபமாலையை உருட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

மார்கழியில், இயேசு பிறந்தநாளான நத்தாருக்கு முந்திய மழை பலமாகப் பிடித்தது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் தகரத்தின் மேலே ஓடியது. கல்லுக்கு அடியில் பிடிமானம் இல்லை. அன்று மழை விட்ட இடைவெளியில், அம்மா அடுப்படியில் இருந்த நேரம், அக்கா தனியாகவே இறங்கியிருக்கிறாள். வளைவில் தடியை ஊன்றியதும் கல்லெல்லாம் கூட்டமாக நகர்ந்திருக்கிறது. கூரையில் கல் உருண்டது மாதிரி ஒரு சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அக்கா முகம் குப்புறக் கிடந்தாள். தகரத்தின் விளிம்பு ஒன்று வெளியே வந்து அவள் தாடையைக் கிழித்திருந்தது. அவள் அழவில்லை. கால் சட்டம் வளைந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா வேலையால் வந்து, அவளைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். உடுப்பைக்கூட மாற்றாமல் போய், விளிம்பு தெரிந்த அந்தத் தகரத்தை இழுத்தெடுத்து வேலிக்கு அப்பால் வீசினார்.

"போதும். இத்தோட விடு" என்றார் அம்மாவிடம். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சோறு போடும் சத்தமும் கதிரை இழுக்கும் சத்தமும்தான். அத்தை வெற்றி பெற்றவள்போல இருக்கவில்லை என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. அவள் அக்காவின் தலைமாட்டிலேயே இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு அவள்மேல் கோபம்தான். அக்காவைப் பூட்டிவைக்க வந்தவள் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், பிள்ளைகளைப் பறிகொடுத்துப் பழகியவள், பயத்தை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தையல் மிஷினைப் பற்றிப் பேசினாள் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

தாடையில் கட்டோடு அக்கா விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நின்ற பலா மரம் மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகப் பாதையில் போடும். மழை அவற்றை ஊறவைக்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தகரம் இன்னும் எடுக்காமல் கிடக்கும் இடத்தில் புதிதாக ஒரு புல் வந்திருக்கிறது, அதை வேரோடு கொண்டுவா என்றாள். தகரத்துக்கு மேலே புல்லா என்று போய்ப் பார்த்தால் இருந்தது. இழுக்கவே தேவைப்படவில்லை. கையோடு வந்தது.

அக்கா அதை மடியில் வைத்து ஆராய்ந்தாள். வேர் கீழே போகாமல் தட்டையாக, தட்டு மாதிரிப் பரவியிருந்தது. வேரோடு ஒட்டியிருந்தது மண் இல்லை. உக்கிய பலா இலை, கறுப்பாய், ஈரமாய். இன்னும் சிலவற்றைப் பிடுங்கி வரச் சொன்னாள். எல்லாம் அப்படியே.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இது கீழயிருந்து வரலம்மா. விதை மேலயிருந்து விழுந்திருக்கு. நம்ம எலயக் கூட்டாம விட்டோம், அது உக்கி மண்ணாப் போச்சு, அதுல மொளைச்சிருக்கு. அடியில என்னத்தப் போட்டாலும் இது வரும்."

அம்மா வேரை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கோரையும் அருகும் மட்டும்தான் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகின்றன, மற்றதெல்லாம் காற்றில் வருகிறவை என்று இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள். அப்படியானால் கீழே இருப்பதை ஒருமுறை ஒழுங்காகத் தோண்டி எடுத்துவிட வேண்டும், ஓரத்தால் வருவதற்கு வழி அடைக்க வேண்டும், மேலே விழுவதைத் தினமும் கூட்ட வேண்டும். தண்ணீருக்கு வழி விட வேண்டும். கூட்டுவது தன் வேலை என்று அக்கா சொன்னாள். கட்டு போட்ட தாடையோடு சொன்னதால் வார்த்தை பாதி உள்ளேயே நின்றது, ஆனாலும் விளங்கியது.

அன்று பின்னேரமே அம்மா மிச்சத் தகரங்களை இழுத்தெடுக்கத் தொடங்கிவிட்டாள். அப்பா வந்து பார்த்தபோது பாதி பாதை கிண்டிக் கிடந்தது. அவருக்கு முகம் இறுகியது. விட்டுவிடு என்று சொன்ன பிறகுமா என்றார். அம்மா மம்பட்டியை நிறுத்தாமல், விழுந்தது பாதையின் பிழை, பிள்ளையின் பிழை இல்லை என்றாள். அவர் படியில் உட்கார்ந்து, எவ்வளவு கனத்தாலும் தான் தூக்குவதற்கு என்ன குறை, வேலையை விட்டுவிட்டாவது தூக்குவேன் என்று சொல்லிக்கொண்டே போனார். இதையெல்லாம் அக்கா விறாந்தையில் கேட்டுக்கொண்டிருந்தாள். தடியை எடுத்து எழும்பி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க தூக்கிட்டுப் போறப்ப நான் தூங்கறது இல்ல."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ரோட்டுல எல்லாரும் பாப்பாங்க. என் வயசுப் புள்ளைங்க எல்லாம் நடந்து போகும். அதைப் பாக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்குவேன். தெனமும் கீழ போய்ச் சேர்றவரைக்கும் மூடிட்டே இருப்பேன்."

அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளையே பார்த்தபடி இருந்தார். எத்தனை வருஷம் அந்தக் கைகளால் தூக்கியிருப்பார். அவர் அந்தப் பிள்ளையின் படிப்புக்கு எதிரி இல்லை. அவருக்கு இருந்த ஒரே பெருமையை அவள் இனி வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். இதை அன்றைக்கு நான் உணரவில்லை. அப்பா எழும்பி உள்ளே போனதைப் பார்த்து, கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் கிடந்த அலவாங்கு என்ற கடப்பாரையோடு வந்தார். அம்மாவிடம் எங்கேயிருந்து தொடங்குவது என்று கேட்டார்.

நத்தார் முடிந்த அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் பலகாரத்தைவிட மண்தான் அதிகம். பாதையைக் கடுமண் வரும்வரை தோண்டினோம். கோரைக் கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது என் பொறுப்பு. கொண்டைக்கடலை மாதிரி கறுத்து உருண்டிருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். எடுத்ததையெல்லாம் அத்தை வாங்கி அடுப்பில் போட்டாள். வேண்டாமென்று சொன்னவள்தான், ஆனால் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. நானா தகரம் சொன்ன குற்ற உணர்ச்சியில் ஒரு வண்டி கருங்கல் இறக்கினார். அடியில் பெரிய கல்லை அடுக்கி, மேலே சின்னக் கல்லைப் போட்டு, அதற்கு மேலே கிரவல் மண் பரப்பி, பலாக்கட்டையில் கைப்பிடி அடித்து அப்பாவும் நானாவும் மாறி மாறி இடித்தார்கள். இடிக்கும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கண்ணாடி அதிரும். பழைய கூரை ஓடுகளைச் செங்குத்தாக, ஆழமாக, இரண்டு பக்கமும் நெருக்கி நட்டோம், அருகு ஓரத்தால் ஊர்ந்து வராமல் இருக்க. சரிவில் கல் நகராதிருக்க, குறுக்கே அங்கங்கே பெரிய கற்களைத் தரைமட்டத்துக்குப் பதித்தார் அப்பா. பதித்த ஒவ்வொன்றையும் அக்கா தடியால் தட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் அடுத்தது. மேற்பக்கம் ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைப் பக்கத்தால் திருப்பினார்கள். கடைசியில் மெல்லிய ஒரு படையாகச் சரளைக்கல். தடி புதையாத அளவுக்கு மட்டும்.

பெருமழை ஒன்று வந்தது. எல்லோரும் விறாந்தையில் நின்று பார்த்தோம். கான் நிரம்பி ஓடியது. பாதை நனைந்தது, நகரவில்லை. நானா கீழே தன் வாசலில் குடையோடு நின்று எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

அக்கா மறுநாள் காலையிலிருந்து கூட்டத் தொடங்கினாள். ஒரு கையில் தடி, மறு கையில் ஈக்கில் விளக்குமாறு. விழுந்த இலை உக்குவதற்கு முன்பே போய்விடும். தவறி முளைத்த ஒன்றிரண்டு, வேர் பிடிப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், கல்லுக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்பார்கள். அம்மா அக்காவைக் காட்டுவாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய காலையில், தன் பின்னால் யாரும் வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்பா அன்று முதல் ரயிலில் போகவில்லை. ஆனால் வாசல் நிலையைத் தாண்டவும் இல்லை. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், தோளில் புதுப்பை. அவள் இறங்கினாள். தடி, கால், இழுபடும் கால். தடி, கால், இழுபடும் கால். வளைவில் ஒருமுறை நின்றாள். அப்பாவின் கை தானாக முன்னால் போனது. அத்தை அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அக்கா பையைத் தோளில் சரிசெய்துகொண்டுதான் நின்றிருக்கிறாள். மறுபடி நடந்தாள். சிவப்பு பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

இறங்குவதைப் பற்றித்தான் நாங்கள் அவ்வளவு நாளும் கவலைப்பட்டோம். ஏறுவதை அவள் பழகியிருந்தாள்தான், ஆனால் வெறுங்கையோடு, களைப்பில்லாத பின்னேரங்களில். அன்று பஸ் வந்து நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பை நிறையப் புத்தகம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பாதையின் அடியில் அவள் ஒரு நிமிஷம் நின்று மேலே பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் ஓடிப்போய்ப் பையை வாங்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. விடவில்லை.

அவள் ஏறினாள். மெதுவாகத்தான். குறுக்குக் கல் ஒவ்வொன்றிலும் தடியை ஊன்றி, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பார்த்து. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வளைவைத் தாண்டியபோது அவள் உதடு அசைவது தெரிந்தது. செபம் சொல்கிறாள் என்று அத்தை முணுமுணுத்தாள். கிட்ட வந்தபோதுதான் கேட்டது. இங்கிலீஷ் பாட்டு ஒன்றை, அன்று புதிதாகச் சொல்லிக்கொடுத்ததை, பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

படியேறிக் கதிரையில் விழுந்து உட்கார்ந்தாள். அம்மா இப்போதுதான் என் கையை விட்டு, குனிந்து, தோல் பட்டிகளை அவிழ்த்தாள். பட்டி அழுத்திய இடமெல்லாம் சிவந்திருந்தது. அத்தை தேத்தண்ணியை நீட்டினாள். எப்படியிருந்தது, யாராவது ஏதாவது சொன்னார்களா, கால் நோகிறதா என்று கேட்க எங்கள் எல்லோருக்கும் ஆயிரம் இருந்தது. அவள் தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தாள்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளனப் போகணும்மா" என்றாள். "பிந்தி ஏறினா ஜன்னல் பக்கம் கெடைக்குதில்ல."